மாப்ளைக்கு டர்போ ஆசை

ஏண்டா மாப்ளே, ஸ்டுட்கார்ட்டுல பழைய போர்ஷே 944 ஒண்ணு வாங்கியிருக்கியாமே. உங்க அத்தை போட்டோவைக் காட்டினா. செவப்பு. லைட்டு ரெண்டும் தவளைக் கண்ணாட்டம் எந்திரிச்சு நிக்குது. நல்லாருக்கு. அதுக்கு டர்போ மாட்டப் போறியாம். தாராளமா மாட்டு, நான் வேணாம்பேனா? முப்பது வருசம் லாரிக்கு ஸ்பானர் பிடிச்சவன் பேச்சை எந்த இஞ்சினீரு கேட்டிருக்கான்! அந்த ஊரு மெக்கானிக்குக்கும் வீட்டுக்கடன் இருக்கும். புண்ணியம் உனக்கு.

இருந்தாலும் ஒண்ணு கேட்டுக்க. 928ன்னு எட்டு சிலிண்டர் வண்டி ஒண்ணு போர்ஷேக்காரன் செஞ்சான். அதுல ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வச்ச மாதிரிதான் உன் வண்டியோட 2.5 லிட்டர் இஞ்சினு. அம்மாம் பெரிய நாலு சிலிண்டரு குலுக்குமில்ல? அதை அடக்க ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட். அந்த வித்தைக்கு மிட்சுபிஷிகிட்ட லைசென்ஸ் வாங்கினான். அங்க யாருகிட்டயும் இதைச் சொல்லி வைக்காத, மொகம் சுண்டிப்போகும்.

1982ல வந்தப்ப அதுக்கு 163 குதிரை, கம்ப்ரஷன் 10.6க்கு 1. 1985ல கம்பெனிக்காரனே டர்போ போட்டு 220 ஆக்கினான். அப்ப கம்ப்ரஷனை 8க்கு எறக்கினான். ஏன், கிறுக்கனா அவன்? ஏற்கெனவே வயிறு முட்டி நிக்கிற சிலிண்டருக்குள்ள இன்னும் காத்தைத் திணிச்சா, பொறி பட்டு ஒழுங்கா எரியுறதுக்குள்ள மிச்சப் பெட்ரோலு கண்ட எடத்துல வெடிக்கும். பிஸ்டன் மண்டையில சுத்தியல் விழுற சத்தம் வெளியவே கேக்கும். அப்ப பிஸ்டனை மாத்து, எக்ஸாஸ்ட் பைப்பை மாத்து, இன்டர்கூலர் வை, கம்ப்யூட்டரை மாத்து. இந்தக் காசுக்குப் பொறக்கும்போதே டர்போவோட பொறந்ததை வாங்கியிருக்கலாம். 1988ல வந்த டர்போ எஸ்ஸுக்கு 250 குதிரை. சரி, விடு.

டர்போங்கிறது என்னாங்கிற? நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற ஒரு தண்டு, ஆயில் படலத்துல மெதக்குது. போர்ஷேயோட பழைய 924 டர்போவை வெரட்டிட்டு வந்து டக்குனு சாவியைத் திருகி அணைச்சா, தேங்கின ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். பேரிங்கு காலி. எங்க டிரைவருங்க வண்டியை ரெண்டு நிமிசம் ஐடில்ல விட்டுட்டு பீடி பத்த வைப்பாங்க. அதைச் சோம்பேறித்தனம்னு சொன்னவன்தானே நீயி! 944 டர்போவுல பேரிங்கைச் சுத்தி தண்ணி ஓட விட்டு, வண்டி நின்ன பொறவும் ஓடுற கரண்டு பம்பும் வச்சான்.

அது வேணாம், அமெரிக்க எல்எஸ் இஞ்சினை எறக்கிடுறேன்னு அத்தைகிட்ட சொன்னியாம். எட்டு சிலிண்டரு, அலுமினியம், அங்க நெறயப் பேரு எறக்கியிருக்காங்க. ஒத்துக்கறேன், நல்ல இஞ்சினு. ஆனா உன் ஊருல வண்டியைச் சோதிக்கிற டியூஃப் காரன் பாத்துத் தலையாட்டி, அது பேப்பர்ல ஏறணும். 30 வருசம் தாண்டின வண்டிக்குக் குடுக்குற எச் நம்பர் பிளேட்டு போனாலும் போகும். மாமியார் வீட்டுல கூட அம்புட்டு கேள்வி கேக்க மாட்டாங்க.

அதெல்லாம் கெடக்கட்டும். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது? அறுந்துச்சுன்னா வால்வெல்லாம் பிஸ்டன்ல மோதி வளைஞ்சிரும். பெல்ட் மாத்தின பில்லு இருந்தா போட்டோ எடுத்து அத்தை நம்பருக்கு அனுப்பு. இல்லேன்னா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாத.