முன்சீட்டு சார்

ஊட்டியில் ஒருநாள் சைட்சீயிங் வேன் எதில் ஏறினாலும் டிரைவருக்கு நேர் பின்னால் ஒரு சார் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்றவர். எந்த வேலையிலிருந்து என்பது பெரிய விஷயமில்லை. கருவூலம், தணிக்கை, மின்வாரியம், மேல்நிலைப் பள்ளி என்று எங்கெங்கோ கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் கடைசியில் இந்த சீட்டுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், ஸ்வெட்டருக்குள்ளே சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. ஜன்னலோரம் அவர் மனைவி. சாருக்கு ஜன்னல் வேண்டாம். மைக் பிடித்த கைடு நிற்கும் இடத்துக்குக் கைநீட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

மற்றவர்கள் ஊட்டியைப் பார்க்க வருகிறார்கள். சார் ஊட்டியை வீட்டிலேயே முடித்துவிட்டார். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, ஆண்டுகளை வரிசையாக நோட்டில் ஏற்றியாயிற்று. இப்போது வந்திருப்பது ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு. ஊர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கைடுக்கும் இது தெரியும். பழகிய ஆள். ஜெர்கின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கர்ச்சீப் சுற்றிய மைக்கை இரண்டு தட்டு தட்டி ஆரம்பிப்பார்.

“எல்லாருக்கும் காலை வணக்கம். மலைகளின் ராணி உங்களை அன்போட வரவேற்கிறா. இந்த ஊட்டியைக் கண்டுபிடிச்சவர் ஜான் சல்லிவன்ங்கிற வெள்ளைக்கார கலெக்டர்...”

“கண்டுபிடிச்சவர் இல்லை” என்று முன்சீட்டிலிருந்து கை உயரும். “தோடர், கோத்தர், படகர், குறும்பர்னு எல்லாரும் இருந்த ஊரை இன்னொருத்தர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கோயமுத்தூர் கலெக்டர். 1819ல மலையேறி வந்தார். அதுவும் முதல்ல வந்தது ஊட்டிக்கில்ல, கோத்தகிரிப் பக்கம்.”

“சார் கரெக்டா சொல்றாரு! எல்லாரும் சாருக்கு ஒரு கைதட்டல் குடுங்க!”

பின்சீட்டில் இருப்பவர்கள் எதற்கென்று தெரியாமலே தட்டுவார்கள். இது கைடின் முதல் ஆயுதம். கைதட்டல் வாங்கிய மனிதர் அடுத்த கால் மணி நேரத்துக்குத் திருத்தமாட்டார் என்பது அவர் கணக்கு. கணக்கு பாதிதான் பலிக்கும். கைதட்டல் சாருக்குப் பிடித்துவிடும்.

அரசு கலைக் கல்லூரிப் பக்கம் வேன் போகும்போது, நிறுத்தாமலே, “உள்ள சல்லிவன் கட்டின ஸ்டோன் ஹவுஸ் இருக்கு” என்று கைடு சொல்லி முடிப்பதற்குள் சார் எழுந்துவிடுகிறார். 1822இல் வேலை ஆரம்பித்தது, ஊட்டியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு, தோடர்களிடம் நிலம் வாங்கியது ஏக்கர் ஒரு ரூபாய் என்று கணக்கு. ‘ஏக்கர் ஒரு ரூபாய்’ காதில் விழுந்ததும் வேன் முழுக்க ஒரு பெருமூச்சு. வரலாறு இவ்வளவு ஆழமாக வேறெங்கும் அந்த வேனைத் தொட்டதில்லை. “அப்பவே நம்ம தாத்தா நாலு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கலாம்” என்று யாரோ சொல்ல, “உங்க தாத்தா அப்பப் பொறந்திருக்க மாட்டார்” என்று சார் அதையும் திருத்துகிறார்.

கைடின் காலக்கணக்கு வேறு. அவருக்குச் சரித்திரம் என்றால் ஷூட்டிங். எந்தப் பாறையில் எந்த ஹீரோ, எந்தப் புல்வெளியில் எந்தப் பாட்டு என்று மூச்சுவிடாமல் சொல்வார். குன்னூர் ரோட்டில் கேத்தி பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, “கீழ தெரியுது பாருங்க, கேத்தி ஸ்டேஷன். மூன்றாம் பிறை கடைசி சீன்” என்றால் போதும், தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து கண்ணாடியைத் துடைப்பார். கமல் குட்டிக்கரணம் போட்டது நேற்று நடந்ததுபோல் அம்மாக்கள் ‘ப்ச்’ கொட்டுவார்கள். 1982 என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவரவருக்கு அது கல்யாணத்துக்கு முன்னால், அல்லது பின்னால்.

இந்த இடத்தில்தான் சார் மலை ரயிலைக் கையில் எடுக்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899, ஊட்டிவரை 1908, பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம், சுவிஸ் நாட்டு ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த பல்தண்டவாளம், குகை 16, பாலம் 250, வளைவு 208, யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் 2005. ஒரே மூச்சில். எல்லாம் சரி. ஒன்றிலும் பிழை கண்டுபிடிக்க முடியாது. முடிந்ததும் பின்சீட்டிலிருந்து ஒரு பையன் கேட்கிறான்:

“அங்கிள், உயிரே படத்துல ஷாருக்கான் எந்தப் பெட்டி மேல நின்னு ஆடினாரு?”

‘தெரியாது’ என்ற சொல் சாரின் வாயிலிருந்து வந்து அவர் மனைவியே கேட்டதில்லை. “அதெல்லாம் நமக்கு வேண்டாத விஷயம் தம்பி” என்றார். கைடு மைக்கில் பெட்டியைச் சொன்னார். சரியா தப்பா, யார் கண்டது? சாரிடம் அதற்கு நோட்டில்லை.

ஊட்டி கிளப் வாசலில் வேன் மெதுவாகும். உள்ளே உறுப்பினர்களுக்கு மட்டும்தான் வழி, நமக்குக் கேட் தரிசனம். “ஸ்நூக்கர் பொறந்த இடம் இதுதான். கண்டுபிடிச்சவர் நெவில் சேம்பர்லின். அப்புறம் இங்கிலாந்துக்கே பிரதமரா ஆனாரே, அவர்தான்.” சார் துள்ளி எழுந்ததில் தலை வேன் கூரையில் இடித்தது. குல்லா காப்பாற்றியது. “அந்த சேம்பர்லின் வேற, இந்த சேம்பர்லின் வேற! இவர் ராணுவ ஆபீசர். ஆட்டம் பொறந்தது 1875ல ஜபல்பூர்ல. விதிமுறையை எழுதி இங்க ஒட்டினது 1882.” இந்தத் திருத்தத்துக்காக மட்டும் நான் சாரை மனதாரப் பாராட்டுகிறேன். சம்பந்தமில்லாத ஒரு பிரதமரை ஒவ்வொரு சீசனிலும் பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பது நியாயமில்லை.

தொட்டபெட்டாவில் பனிமூட்டம். எதிரே நிற்பவர் முகமே தெரியவில்லை. டெலஸ்கோப் வீட்டுக்கு வரிசையில் நின்று காசு கொடுத்துப் போனவர்கள் வெள்ளையாக எதையோ பார்த்துவிட்டு வந்தார்கள். சாருக்கு மட்டும் நஷ்டமே இல்லை. 2637 மீட்டர் என்பது பனியிலும் 2637 மீட்டர்தான். “தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம்” என்று கைடு சொன்னதற்கு, “ஆனைமுடி 2695” என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆளைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி. இவற்றில் திருத்த ஒன்றுமில்லை. ஏரியை வெட்டியது சல்லிவன் என்றதோடு இருவரும் ஒத்துப்போனார்கள். மண்வெட்டி பிடித்த கை யாருடையது என்பது கைடின் மனப்பாடத்திலும் இல்லை, சாரின் நோட்டிலும் இல்லை. இவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டாலும் துரைமார்களைத் தாண்டி ஓர் அடி நகரமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு வேன் அட்டவணையில் இருபது நிமிடம். சாக்லேட் கடைக்கு ஒரு மணி நேரம். சார் வந்ததே இந்த இருபது நிமிடத்துக்காக. கைடு வாசலில் நின்று, “உள்ள மரவேலையைப் பாருங்க, லண்டன்ல இருந்து கப்பல்ல வந்த மரம்” என்றதும் சாரின் முகத்தில் வந்த ஒளியை அவர் பேரன் பிறந்த அன்றுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். “லண்டனா? மேல பாருங்க. அத்தனை உத்தரமும் ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தான் அரண்மனையைப் பிரிச்சு எடுத்த தேக்கு. 1829 ஏப்ரல் 23 அஸ்திவாரம். அன்னிக்குத்தான் நாலாம் ஜார்ஜ் மன்னரோட பிறந்தநாளை அரசுமுறையா கொண்டாடுவாங்க. அப்ப மெட்ராஸ் கவர்னர் பேரும் ஸ்டீபன்தான், ஸ்டீபன் லஷிங்டன், அதைக் கவனிக்கணும்.” கூட்டம் அண்ணாந்து பார்த்தது. 1799இல் கோட்டை விழுந்து, அரண்மனை மரம் மைசூர்ச் சீமையிலிருந்து மலைமேல் ஏறி, பாதிரியார் தலைக்குமேல் போய் உட்கார்ந்த கதை நிஜமாகவே பெரியது. சார் அதை ரயில்வே அட்டவணை வாசிக்கிற குரலில் சொன்னார்.

பிறகு பின்சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கம். சார் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து, பாசியை விரலால் வழித்து, இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து, வயதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். கைடு மேலேயிருந்து விசில் அடித்தார். ஈரப் புல்லில் செருப்புக் காலோடு நின்ற சாரின் மனைவி கேட்டார்:

“பாவம், அம்மாவும் பொண்ணும் ஒண்ணாவா போனாங்க? அந்தப் பொண்ணு பேரென்ன?”

“1838” என்றார் சார்.

அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினார்.

தாவரவியல் பூங்காவில் 1848, பூங்காவை அமைத்த மெக்கைவர், அவர் வந்த கியூ தோட்டம் எல்லாம் கிரமமாக நடந்தது. அதற்கும் மேலே ஏறினால் மந்து என்கிற தோடர் குடியிருப்பு. பாதியாகப் பிளந்த பீப்பாய் மாதிரி கூரை, தவழ்ந்துதான் நுழைய முடிகிற வாசல். கைடு இங்கே கச்சிதமாக, “போட்டோ வேணும்னா அவங்களைக் கேட்டுட்டு எடுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார். சார் சுற்றிச்சுற்றி வந்தார். கல்வெட்டு இல்லை, பலகை இல்லை, கட்டிய வருஷம் எங்கேயும் எழுதியில்லை. திருத்துவதற்குப் பிடிமானமே இல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி அதற்குள் சால்வை தைத்துக்கொண்டிருந்த ஒரு தோடப் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக நூல். வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. எந்தப் பூ சாவுக்குப் போர்த்துகிற துணியில் வரும், ஒரு சால்வைக்கு எத்தனை நாளாகும், கண் வலிக்காதா என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். பின்னாலிருந்து சார், “2013ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு” என்றார். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார்கள்.

சாரிடம் எனக்குப் புரியாத ஒன்று, கடைகளில் அவர் நடந்துகொள்ளும் விதம். அரண்மனை உத்தரத்தைச் சோதித்த கண், தைலக் கடையில் மூடிக்கொள்கிறது. “நூறு பர்சன்ட் ஒரிஜினல் சார், மூட்டுவலி, தலைவலி, சளி எல்லாத்துக்கும்” என்று கடைக்காரப் பெண் சொன்னதும் ஆதாரம் கேட்கவில்லை, ஆண்டு கேட்கவில்லை, இரண்டு பாட்டில் வாங்கினார். கைடு அந்தப் பக்கம் திரும்பி நின்று கல்லாக்காரரிடம் தலையசைத்தார்.

இருட்டும் நேரத்தில் சேரிங் கிராஸில் இறக்கிவிட்டார்கள். ஆடம் நீரூற்றைப் பற்றி யாரும் கேட்காமலே சார், “1881ல இங்கேயே இறந்துபோன கவர்னர் நினைவா வச்சது” என்றார். கேட்க ஆளில்லை. கூட்டம் வர்க்கி கடைக்குக் கலைந்துகொண்டிருந்தது. அவர் மனைவியும் அங்கேதான். கைடு மட்டும் டிரிப் ஷீட்டைத் திருப்பி, பின்பக்கத்தை வேன் போனட்டில் வைத்துக்கொண்டு பேனாவோடு வந்தார்.

“சார், அந்த சர்ச் மரம் சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க. நாளையில இருந்து சொல்லிடறேன்.”

சாருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. செருமிவிட்டு, ஏப்ரல் 23இலிருந்து ஆரம்பித்தார். மன்னர் பிறந்தநாள் கொண்டாட்டம், கவர்னர் லஷிங்டன், கல்கத்தா பிஷப் வந்து பிரதிஷ்டை செய்தது, 1831 ஈஸ்டர் அன்று திறந்தது. கைடு பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘திப்பு மரம்’ என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டார்.

“இது போதும் சார். ஜனங்க இதைக் கேப்பாங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த சர்ச்சுக்குள்ள ஏதாச்சும் படம் ஷூட்டிங் நடந்திருக்கா?”

சார் நோட்டைப் பிரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை புரட்டினார்.

“பார்த்துச் சொல்றேன்” என்றார். “உங்க நம்பர் குடுங்க.”