ஸ்டேஷன் இங்கே, ஏரி எங்கே?

இங்கிலாந்தின் வடமேற்கே விண்டர்மியர் ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள். ஒரே பிளாட்பாரம், ஒரே தண்டவாளம். 'மியர்' என்றால் ஏரி. சரி, ஏரி எங்கே? பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் சுமார் ஒன்றரை மைல் நடங்கள், வரும்!

1847-ல் ரயில் வந்தபோது இந்த இடத்துக்குப் பெயர் பர்த்வெயிட். 'பர்த்வெயிட்டுக்கு ஒரு ரிட்டர்ன்' என்று கேட்டு யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஏரியின் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்துவிட்டார்கள். ('ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்' என்று மனை விற்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா இந்த ரயில் கம்பெனிதான்.) கொஞ்ச காலத்தில் ஊரும் சொந்தப் பெயரைக் கைகழுவிவிட்டு, ஸ்டேஷன் பெயரைச் சூட்டிக்கொண்டது.

இந்த ரயிலே வரக் கூடாது என்று ஒரு பெரியவர் மல்லுக்கு நின்றார். சாமானியர் அல்ல, அரசவைக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்! வயது 74. 1844-ல் திட்டம் காதில் விழுந்ததுமே கண்டித்து ஒரு சானட், அதாவது பதினாலு வரிக் கவிதை எழுதினார். கோபம் அதில் அடங்கவில்லை. 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு நீள நீளமாகக் கடிதங்கள் பறந்தன.

கவிஞரின் கவலை இதுதான்: மலையழகை ரசிப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும், ஆலைத் தொழிலாளிகளை ரயில் ரயிலாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டினால் அது வந்துவிடுமா? அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பக்கத்து வயல்வெளியில் காற்று வாங்கினால் போதாதா? கிராமத்து எளிய மக்களின் பேச்சுதான் கவிதைக்கு உகந்த மொழி என்று இளமையில் முழங்கினாரே ஒருவர், அவரும் சாட்சாத் இவரேதான்.

அது போகட்டும். அந்த வட்டாரத்து ஏரிகளைப் பற்றி ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டது யார்? எங்கே நின்று பார்த்தால் எது அழகு என்று விலாவாரியாக ஒரு டூரிஸ்ட் கைடு எழுதியது யார்? ஐயா, இவர்தான்! 1835-ல் அதற்கு ஐந்தாம் பதிப்பு. 'யாருக்கும் தெரியாத அருவி' என்று வீடியோ போட்டு லைக் வாங்கிவிட்டு, மறுவாரம் 'ஐயோ, இவ்வளவு கூட்டமா!' என்று மூக்கைச் சிந்துகிறவர்களுக்கு இவர்தான் முன்னோடி.

கைடு எவ்வளவு பிரபலம் தெரியுமா? விமர்சகர் மாத்யூ ஆர்னால்ட் சொன்ன கதை: கவிஞரைத் தரிசிக்க வந்த ஒரு பாதிரியார், 'இந்தக் கைடைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?' என்று வெள்ளந்தியாகக் கேட்டாராம். செய்யுளும் எழுதியிருப்பதாகக் கிழவர் அடக்கமாகச் சொன்னாராம்.

ரயில் வந்தேவிட்டது. ஆனால் விண்டர்மியரைத் தாண்டி மலைக்குள்ளே ஓரடிகூட நகரவில்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று சூப்பர் மார்க்கெட். பால் பாக்கெட், பிஸ்கட் எல்லாம் கிடைக்கும். வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பஸ்ஸுக்கு ஒரு கூட்டம் நிற்கும். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

'கிராஸ்மியருக்கு. வேர்ட்ஸ்வொர்த் வீட்டைப் பார்க்க.'