மூன்று கார்புரேட்டரும் ஓர் இட்லிப் பானையும்

வைப்பினில் ஒரு கார் நின்றுபோவதற்கு எத்தனையோ நல்ல இடங்கள் உண்டு. என் பத்மினி ரோ-ரோ படகின் சாய்தளத்தைத் தேர்ந்தெடுத்தது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து சமர்த்தாக அக்கரை வந்து, இறங்கும்போது இருமியது, குலுங்கியது, அடங்கியது. பின்னால் ஸ்கூட்டர்களின் ஹாரன். இரண்டு பேர் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள்.

வண்டி என் மாமனார் வழியில் வந்தது. ஓடும்போது என் மனைவிக்கு அது "எங்கப்பா கார்". நின்றால் "உங்க கார்".

ஆசான் (இங்கே மெக்கானிக்குக்கு அதுதான் மரியாதை) பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைத் தட்டிப் பார்த்தார். "சாரே, இதுக்கு வயசாயி" என்றார். சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்த மாதிரி இருந்தது. த்ராட்டில் கம்பி ஆடி ஆடி ஓட்டை பெரிதாகி, அந்த வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறதாம். காற்று மிஞ்சினால் பெட்ரோல் கலவை நீர்த்துவிடும், ஐடிலிங் நிற்காது. போதாததற்கு, மேற்கே கடல், கிழக்கே காயல். இப்போதைய பெட்ரோலிலோ எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மிதவைக் கிண்ணத்தில் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

புதிது வாங்க வேண்டும். அன்று மாலையே கணக்கு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். முப்பது வருஷம் கணக்கெழுதிய கை, சும்மா இருக்குமா?

முதல் வரிசையில் எஸ்.யூ. அம்பாசடரின் மூதாதையான மாரிஸ் ஆக்ஸ்போர்டில் இருந்தது. ஸ்கின்னர் என்ற செருப்புக் கடைக் குடும்பத்தின் கண்டுபிடிப்பு; ஆரம்பத்தில் உள்ளே பிஸ்டனே கிடையாது, தோல் துருத்திதான். இதை மூன்று நாள் படித்து, மனைவிக்கு இரண்டு முறை சொல்லி, நாலாம் நாள்தான் கவனித்தேன்: அது பக்கவாட்டில் மூச்சு விடுவது, என் இஞ்சின் மேலிருந்து இழுப்பது. ஜாதகம் பொருந்தவில்லை.

இரண்டாவது மாருதி 800-இன் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர். மைலேஜ் கூடும் என்று பத்மினிக்காரர்கள் பலர் மாற்றியதுதான். நடுவே ஒரு தகடு கடைந்து போட வேண்டும். "எங்கப்பா வண்டிக்கு மாருதி தொண்டையா?" என்றாள் மனைவி. அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்றாவது அசல் சொலெக்ஸ். அதன் ஜெட்டில் 125 என்று பொறித்திருந்தால் துளை 1.25 மில்லிமீட்டர். இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எல்லாரையும் அறுத்தேன்.

இடையில் டெட்ராய்ட்டில் இருக்கும் மருமகன் பையன், "மாமா, ஹோலி கார்புரேட்டர் போடுங்க, 600 சி.எஃப்.எம்." என்றான். நிமிடத்துக்கு 600 கன அடி காற்று. அங்கே மஸ்டாங்குக்கு அது சரி. நான் நோட்டில் கணக்குப் போட்டேன்: 1089 சி.சி. என்றால் 66 கன அங்குலம். இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு. 5000 சுற்றில், இஞ்சின் முழு மூச்சு இழுக்காது என்பதையும் கழித்தால், 77 கன அடி. பாலாடையில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தீயணைப்பு வண்டிக் குழாயா?

மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் பழம்பொருள் கடை ஒன்றில் உருளிக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே சாட்சாத் சொலெக்ஸ் உட்கார்ந்திருந்தது. "பழைய கப்பல் சாமான் சார், போர்ச்சுகீசு" என்றார் கடைக்காரர். சொன்ன விலையும் போர்ச்சுகீசுதான். வாஸ்கோடகாமா இதை நம்பி வந்திருந்தால் ஊர் திரும்பியே இருக்கமாட்டார்.

நோட்டில் பதினான்கு பக்கம் நிரம்பியிருந்தது. வண்டிக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. மனைவி கடைசிப் பக்கத்தில், என் பேனாவாலேயே, "இருப்பதைச் சரிசெய்தால் எவ்வளவு?" என்று எழுதி வைத்திருந்தாள். ஆசானைக் கேட்டேன். லேத்தில் கொடுத்து ஒரு புஷ், புது டயஃப்ரம், கேஸ்கெட், நீடில் வால்வு. அவ்வளவுதான். "அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். கார்புரேட்டரின் உடலைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு என்று வாங்கிவந்தேன். எலுமிச்சைச் சாற்றில் வேகவைத்தால் பளபளக்கும் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் ஆளில்லாத நேரம், கொல்லை அடுப்பு, பெரிய பாத்திரமாக ஒன்றுதான் கண்ணில் பட்டது. துத்தநாகக் கலவைக்குப் புளிப்பு ஆகாது என்பதைப் பதினான்கு பக்கத்தில் எங்கும் நான் எழுதவில்லை. அரை மணியில் கார்புரேட்டர் அட்டக்கரி. இட்லிப் பானைக்குள் பெட்ரோல் பங்க் வாசனை.

கறுப்போடேயே ஆசான் மாட்டினார். ஓடுகிறது, ஐடிலிங்கில் சுருதி பிசகவில்லை. பானை என் பெயருக்கு மாற்றப்பட்டு, ஸ்பானர் போட உதவுகிறது. புதுப் பானை வாங்க ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்குப் பத்மினியிலேயே போனோம். ரோ-ரோ இக்கரை சேர்ந்ததும், நான் இஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே, மனைவி கதவைத் திறந்து இறங்கி, புதுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாய்தளத்தில் நடந்து ஏறினாள்.