மணி கட்டிய மருந்து

கேள்வி: செரோடோனினை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்களைக் கதிரியக்க மருந்தால் எண்ணுகிறார்களாமே, தலையைத் திறக்காமல் இது சாத்தியமா?
– ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: கல்வராயன் மலையில் மேயவிட்ட மாடு எந்தப் புதரில் நிற்கிறதென்று கழுத்து மணியின் ஓசையைக் கொண்டே அறிந்துவிடும் உங்கள் பக்கத்தாருக்கு இந்தச் சூட்சுமத்தை நான் விளக்குவது, கோமுகி அணைக்குக் குடத்தில் தண்ணீர் சுமப்பதாகும். அந்த வாயிலில் போய் ஒட்டிக்கொள்ளும் இமிப்ரமின் என்னும் மனச்சோர்வு மருந்தின் ஹைட்ரஜன் அணுக்கள் சிலவற்றுக்குப் பதிலாக, 12.3 ஆண்டு அரை ஆயுளுடைய ட்ரிடியத்தை வைத்து மணி கட்டும் விஞ்ஞானிகள், கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்ட வீண் ஓசையைக் கழிக்கும் பொருட்டு, மணியில்லாத மருந்தை ஏராளமாகச் சேர்த்து இன்னொரு முறை எண்ணி, அந்த வித்தியாசத்தையே மெய்க்கணக்காகக் கொள்கிறார்கள். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில், வாயிலை அல்ல, செரோடோனின் வந்து ஒட்டும் ஏற்பியை மாட்டு மூளையிலேயே இம்முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே மணி மாட்டுக்கு உள்ளே!

மனிதருக்கோ, ரத்தத் தட்டணுக்களிலும் அதே வாயில் இருப்பதால், ரத்தமே போதும். மனச்சோர்வுற்றோருக்கு வாயில்கள் குறைவென்று 1980-ஐ ஒட்டிச் சிலர் சொல்ல, பிற்பாடு வேறு சிலர் மறுத்துவிட்டார்கள். அந்த ரத்தச் சோதனை முழுவதும் குழாயில் நடப்பது. தலை இருந்த இடத்திலேயே இருக்கும்.