‘சான்’ என்னும் ஒட்டு: நாய்க்கும் நாயகனுக்கும் இடைப்பட்ட தூரம் குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட சான்று ஒன்றே: ருமிகோ தாகாஹாஷி 1980 முதல் 1987 வரை வரைந்த ‘மெசோன் இக்கோகு’ என்னும் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), 15 தொகுதி. ஒற்றைச் சான்றை வைத்து ஆய்வா என்பார்க்கு விடை: ஒருவன் ஒருத்தியிடம் மனதைச் சொல்ல ஏழாண்டு திணறுவதைப் படித்து முடித்தவருக்கு இரண்டாம் சான்று தேடத் தெம்பிராது என்க.

களம், டோக்கியோவில் ஒரு பழைய மரவீடு. நம் திருவல்லிக்கேணி மேன்ஷன் போன்றது. ஐந்தாம் அறையில் கோடாய். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி எழுதப்போகிறவன். ‘கோ’ என்றால் ஐந்து. பையனின் குடும்பப் பெயரிலேயே கதவிலக்கம் இருக்கிறது. வீட்டை நிர்வகிக்க வருகிறாள் கியோகோ ஒதோனாஷி, இளம் விதவை. ‘நாஷி’ என்றால் இல்லை, அவளுக்குச் சுழியம். இதைக் கண்டு மகிழும் வாசகர் இனி வரும் இலக்கணத்தையும் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

ஆய்வு வினா: கோடாய் அவளை எப்படி அழைப்பது? ‘சான்’ என்னும் மரியாதை ஒட்டைச் சேர்த்து ‘ஒதோனாஷி-சான்’ எனலாம். ஆனால் அது இறந்த கணவரின் குடும்பப் பெயர். ஒவ்வொரு விளியிலும் அவர் எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வார். ‘கியோகோ-சான்’ எனலாம். அதற்கு நெஞ்சுரம் வேண்டும். குடித்துவிட்டுத் தெருவில் கூவும்போது அது அவனுக்கு வருகிறது. மற்றபடி அவன் தஞ்சம் புகுவது ‘கான்ரினின்-சான்’ என்ற பதவிப் பெயரில். ‘நிர்வாகி அவர்களே’ என்று பெயர்த்தால் மனுப் போட்டதுபோல் இருக்கும். ‘மேனேஜரம்மா’ என்பதே சரி. ஏழாண்டுக் காதலைத் தாங்கும் சொல்லா அது என்றால், வேறு எது தாங்கும்? அதில் ஆளும் இல்லை, ஆளின் கணவரும் இல்லை.

இனி முதன்மைச் சான்று. கியோகோவிடம் ஒரு வெள்ளை நாய் உண்டு. அதன் பெயர் சோஇச்சிரோ. இறந்த கணவரின் பெயரும் அதுவே. நாயை அவள் ‘சோஇச்சிரோ-சான்’ என்கிறாள். அப்பெயர் அவள் வாயில் வரும்போது குறிப்பது நாயையா, நாயகனையா என்பதை இடம் நோக்கித்தான் கொள்ள வேண்டும். கோடாயை அவள் அழைப்பதோ ‘கோடாய்-சான்’. ஒட்டு இருவர்க்கும் பொது. எனினும் நாய்க்கு இயற்பெயர், கோடாய்க்குக் குடும்பப் பெயர். ஜப்பானில் இயற்பெயர் நெருக்கத்தின் அடையாளம். ஆகவே நாய் அவனினும் ஒரு படி உள்ளே இருக்கிறது என்பது பெற்றாம்.

‘சான்’ வெறும் மரியாதை; குழந்தைப் பேச்சில் யானைக்கும், அன்றாடப் பேச்சில் ரொட்டிக்கடைக்கும் உண்டே என்று மறுப்பர். உண்மை. அதனால்தான் நெருக்கத்தை ஒட்டில் தேடாமல், ஒட்டுக்கு முன்னால் நிற்கும் பெயரில் தேடினேன்.

மனதைச் சொல்லாமல் சுற்றும் இந்த நோய் கோடாய்க்கு மட்டும் உரியதன்று; ஜப்பானிய மொழிக்கே உண்டு. ‘பிடிக்கும்’ எனப் பொருள்படும் ‘சுகி’ என்ற ஒரு சொல் போதும், காதல் சொல்லியாயிற்று. யாருக்கு, யாரை என்பதெல்லாம் தொக்கி நிற்கும். பக்கத்து அறையில் ஒட்டுக்கேட்பவர் பிடித்தது ஆளையா, நூடுல்ஸையா என்று தவிக்கலாம். ‘ட்சுகியத்தே’ என்பது இன்னும் மோசம். என்னோடு பழகு என்றும் பொருள். கூட வா என்றும் பொருள். எத்தனையோ கதாநாயகர்கள் உயிரைக் கொடுத்துச் சொல்ல, ‘எங்கே, கடைக்கா?’ என்று பதில் வாங்கியிருக்கிறார்கள்.

அகா அகாசாகா 2015இல் தொடங்கிய ‘காகுயா’ மாங்காத் தொடரின் தலைப்பு இந்த நோயையே போராக்குகிறது. அதில் வரும் ‘கொகுராசெதாய்’ என்ற வினையைப் பிரித்தால் சொல்ல, வைக்க, வேண்டும். பிறவினை, அதன்மேல் விருப்பம், வரிசை பிசகாமல் தமிழ். ஆங்கிலம் இதைக் கைவிட்டுக் காதலைப் போர் என்று தலைப்பிட்டுத் தப்பித்துக்கொண்டது. ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு சொன்ன ஓனோ சுசுமு நெல் சாகுபடிச் சொற்களை அடுக்கினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வயலை விட்டு, மாங்காவில் காதல் சொல்லும் பள்ளிக்கூட மாடிப்படிக்கு வந்திருந்தால் அவர் வழக்கு வென்றிருக்காது, நம் ஆய்வுக்கு மட்டும் ஒரு துணை கிடைத்திருக்கும்.

மெசோன் இக்கோகு திருமணத்தில் முடிகிறது. கணவன் மனைவி இருவர்க்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். ஆக, அவ்வீட்டில் ‘கோடாய்-சான்’ என்றழைத்தால் இனி இருவர் திரும்புவர். ‘சோஇச்சிரோ-சான்’ என்றால் திரும்புவது முன்போலவே நாய்தான்.