ஓரம் மட்டும் பாக்கி

ஈரோட்டில் அத்தை வீட்டுக்கு யார் போனாலும் கூடத்தில் பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும். தனியறை இருக்கிறது. அதில் தேக்குக் கட்டில் இருக்கிறது. கட்டிலில்தான் இடம் இல்லை. 2009-இல் என் கல்யாணத்துக்கென்று அத்தை தைக்க ஆரம்பித்த ஒட்டுத்துணிப் போர்வை அதில் படுத்திருக்கிறது. தலைமாட்டில் ஒரு கை வைத்த ஸ்வெட்டர். கால்மாட்டில் கைப்பிடி இல்லாத வயர் கூடை. நடுவில் பெயர் தெரியாத சில மூட்டைகள்.

"இது என்னங்கத்தை?" என்று எதைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"முடிஞ்சுது கண்ணு. ஓரம் மட்டுந்தான் பாக்கி."

போர்வைக்கு ஓரம் பாக்கி சரி. ஸ்வெட்டருக்கு ஒரு கை முழுதாக இல்லையே என்றால், அதுவும் ஓரத்தில்தானே வருகிறது என்பார். மறுக்க முடியவில்லை.

அத்தையைச் சோம்பேறி என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. விடிகாலை ஐந்து மணிக்கு வாசல் தெளிப்பவர். நூல் கோத்த ஊசியை ஜாக்கெட்டில் குத்திக்கொண்டே சாம்பாரைக் கொதிக்கவிடுவார். கை எந்நேரமும் எதையாவது செய்துகொண்டுதான் இருக்கும். நேற்றுச் செய்ததை இன்று செய்யாது, அவ்வளவுதான். இந்த இனத்தை ஊருக்குள் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். இவர்கள் வீட்டுத் தையல் மெஷினில் பாதத்துக்குக் கீழே ஒரு துணி எப்போதும் மாட்டியபடியே இருக்கும். மெஷினின் மேல் கரண்டு பில், மாத்திரை டப்பா, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இருக்கும். "எடுக்காதீங்க, தைச்சுட்டு இருக்கேன்" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். அத்தை வீட்டு உஷா மெஷினில் மாட்டியிருக்கும் மஞ்சள் துணியை நான் கல்லூரியில் படிக்கும்போதே பார்த்த ஞாபகம். அப்போது அது இன்னும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது.

இத்தனைக்கும் அத்தை குடியிருப்பது எந்த ஊரில்? ஒரு பக்கம் பவானி, ஜமக்காளத்துக்குப் பேர்போனது. இன்னொரு பக்கம் சென்னிமலை, போர்வைக்குப் பேர்போனது. நடுவே ஈரோடு, செவ்வாய்க்கிழமை தோறும் ஜவுளிச் சந்தை கூடுகிற ஊர். இங்கே உட்கார்ந்து கையால் போர்வை தைப்பது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற காரியம். அதைச் சொன்னால், "ஊசி எத்தனை ரூபாய்க்கு வேணும்னாலும் கிடைக்கும் சாமி. அப்பத்தா சேலை எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்பார்.

அங்கேதான் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் போர்வையில் அப்பத்தாவின் சுங்குடிச் சேலை இருக்கிறது. அப்பாருவின் வேட்டிக் கரை இருக்கிறது. அம்மாவின் வாயில் சேலை, நான் ஆறாவதில் போட்ட காக்கி டவுசர், எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரு கிளிப்பச்சைச் சட்டை எல்லாம் இருக்கின்றன. கண்ட துணியையும் அத்தை சேர்த்துவிட மாட்டார். பூனம் சேலைக்கு இடமே கிடையாது. ஊசிக்கு நிற்காமல் வழுக்குமாம். புதுத் துணியும் ஆகாது. முதல் தடவை துவைக்கும்போது அது மட்டும் சுருங்கி, பக்கத்துத் துணியையும் இழுத்துக்கொண்டு போகும். நூல் சேலையாக இருக்க வேண்டும், நூறு தடவை அடித்துத் துவைத்து, சுருங்குவதையெல்லாம் சுருங்கி முடித்ததாக இருக்க வேண்டும். சிவப்புத் துணி என்றால் ஈரக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார். பெண் பார்க்கப் போனபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை.

அகலத்துக்குப் பன்னிரண்டு, நீளத்துக்குப் பதினாறு, மொத்தம் 192 கட்டம். ஒவ்வொன்றும் ஐந்து அங்குலச் சதுரம். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் மிச்சம் நாலரை. ஆக, போர்வை நாலரை அடிக்கு ஆறடி. கல்யாணப் பரிசாக ஒருவர் மட்டுமே போர்த்தக்கூடிய போர்வையை யோசித்தவர் உலகத்திலேயே அத்தை ஒருவராகத்தான் இருப்பார். சொல்லிப் பார்த்தேன். "மாத்தி மாத்திப் போத்திக்குங்க" என்றார்.

இதில் பொல்லாத விஷயம் அந்தக் கால் அங்குலம்தான். கட்டத்துக்கு அரைக்கால் அங்குலம் பிசகினால் பன்னிரண்டு கட்டம் சேரும்போது ஒன்றரை அங்குலம் கோணிக்கொள்ளும். அத்தைக்கு ஏழாவது வரிசையில் கோணிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் லேசாக இழுத்துப் பிடித்து ஒரு ஓட்டு ஓட்டியிருப்பார்கள். அத்தை ஏழு வரிசையையும் பிரித்தார். பிரித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் எனக்குப் பெண் பிறந்துவிட்டதால், போர்வை கல்யாணப் பரிசிலிருந்து தொட்டில் பரிசாக மாறியது. பிறகு காதுகுத்து. பிறகு அவள் பள்ளிக்கூடம் சேர்கிற நாள். அவள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

மாமா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலுவைக் கடன்களைப் பார்த்தே தலை நரைத்தவர் என்பதால் இதையும் பொறுத்துக்கொண்டார். வருத்தம் ஒன்றே ஒன்றுதான். போர்வைக்கு மேல்துணியும் அடித்துணியும் போக, நடுவில் ஏதாவது வைக்க வேண்டும். பஞ்சு வைத்தால் துவைக்கும்போது திரண்டுகொள்ளும் என்று அத்தை ஒரு முழுப் போர்வையையே எடுத்து நடுவில் வைத்துவிட்டார்.

"மாப்ளே, நடுவுல இருக்கறது நான் காசு குடுத்து வாங்குன சென்னிமலைப் போர்வை" என்றார் மாமா என் காதோடு. "மேலயும் கீழயும் இருக்கறதை உருவிட்டா இன்னைக்கே போத்திக்கலாம்."

மாமாவுக்கும் ஒரு பரிசு உண்டு. தலையணை உறையில் இங்கிலீஷில் 'குட் நைட்' என்று பூவேலை செய்வது அத்தை காலத்துப் பெண்களுக்கு ஒரு சடங்கு மாதிரி. அத்தை 'குட்' வரைக்கும் போட்டார். நூல் தீர்ந்துவிட்டது. அதே நீலம் கடையில் கிடைக்கவில்லை. முப்பது வருஷமாக மாமா அந்த நன்னடத்தைச் சான்றிதழின் மேல்தான் தலை வைத்துத் தூங்குகிறார்.

ஸ்வெட்டர் கதை சின்னது. ஈரோட்டு வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று யாராவது அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயர் கூடையைச் சிவன் கண் பின்னலில் ஆரம்பித்து, பாதியில் நெல்லிக்காய் முடிச்சு மேல் ஆசை வந்து மாற்றியதில், கூடை கீழே சைவமாகவும் மேலே காய்கறியாகவும் வளர்ந்து நின்றுவிட்டது. இப்போது அதில் சின்ன வெங்காயம்.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் பெண்கள் குழு ஒன்று குரோஷாப் பின்னலில் உலகத்திலேயே பெரிய போர்வையைச் சேர்த்து கின்னஸில் இடம் பிடித்தது. 11,148.5 சதுர மீட்டர். மாமா உடனே கணக்குப் போட்டார்: ஏறக்குறைய 1,20,000 சதுர அடி, சென்னைக் கணக்கில் 50 கிரவுண்டு. "ஐம்பது கிரவுண்டை முடிச்சுட்டாளுக, சுலோ" என்று பேப்பரை நீட்டினார். குத்திக்காட்டத்தான் நீட்டினார். அத்தை அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டார். மறுநாளே ஆறு கலரில் உல்லன் நூல் வந்தது. ஒன்பது சதுரம் பின்னினார். காபி டம்ளருக்கு அடியில் ஒன்று, ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒன்று, ரிமோட்டுக்கு அடியில் ஒன்று என்று அவை இன்றைக்கும் வீட்டில் உழைக்கின்றன.

போன வருஷம் ஆடி மாதம் அத்தை ஒரு சபதம் எடுத்தார். தீபாவளிக்குள் எல்லாவற்றையும் முடிப்பது, புதிதாக ஒரு முழத் துணிகூட வாங்குவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகள் போனில் சொன்ன ஒரு செய்திதான் காரணம். அங்கே போர்வை தைக்கிறவர்கள் முடிக்காத வேலையை 'யூ.எஃப்.ஓ.' என்கிறார்களாம், 'அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்' என்பதன் சுருக்கம். பறக்கும் தட்டுக்கும் அதே மூன்று எழுத்துதான். தனக்கு மட்டும் இருப்பதாக நினைத்திருந்த வியாதிக்கு வெளிநாட்டில் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றதும் அத்தை முகத்தில் அப்படி ஒரு தெம்பு. "அதாவது பறந்து போயிரும்" என்றார் மாமா, கட்டிலைப் பார்த்தபடி.

சபதத்தின் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என்ன பொருள், யாருக்கு, எந்த வருஷம், என்ன பாக்கி என்று பட்டியல் எழுதினார். தலைப்புக்கெல்லாம் சிவப்பு ஸ்கெட்ச் பேனா. ஓரத்தில் கொடி போட்டு, கொடியில் பூப் போட்டு, மிக அழகான பட்டியல். பதினேழாவது பொருளோடு நிற்கிறது.

இரண்டாவது வேலை, போர்வைக்கு ஓரம் கட்ட நூல். என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். கடைக்காரர் சிவப்பு நூல் என்று மூன்று கண்டை எடுத்து வைத்தார். அத்தை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது குங்குமம், இது அரக்கு, இது மிளகாய்ப்பழம், எனக்கு வேண்டியது மாதுளை முத்து என்றார். கடைக்காரர் ஈரோட்டுக்காரர், அவருக்கும் பொறுமை உண்டு. உள்ளே போய்த் தேடினார். அவர் தேடிய கால் மணி நேரத்தில் அத்தை பக்கத்துக் கடையில் எம்.எஸ். நீலத்தில் மூன்று மீட்டர் வாங்கிவிட்டார். நூல் வாங்க மறந்துவிட்டோம்.

"சபதம் என்னங்கத்தை ஆச்சு?"

"இது சேலைக்கு ஃபால்ஸ் கண்ணு. கணக்குல வராது."

முழு அகலத் துணியில் மூன்று மீட்டர் வாங்கி எத்தனை சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் யூடியூபில் கர்நாடகத்துச் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவாண்டிப் போர்வையைப் பார்த்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பக்கத்தில் இருக்கிறார்கள். பழைய துணியை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பது அவர்கள் முறை. அத்தைக்கு ஞானோதயம் ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் தன்னைப் பழிவாங்கியது ஓரம்தானே? ஓரத்தையே முதலில் தைத்துவிட்டால் எது பாக்கி இருக்கும்? எம்.எஸ். நீலம் அன்றைக்கே கத்தரிக்கோலுக்கு வந்தது. நாலு ஓரமும் கச்சிதமாக, மூலைக்கு மூலை மடிப்புப் பூ வைத்து, பத்தே நாளில் முடிந்தது. நான் போய்ப் பார்த்தபோது நடுவில் ஒரு முழத்துக்கு ஓட்டை.

"நடு மட்டுந்தான் பாக்கி" என்றார்.

தப்பித் தவறி முடிந்தவற்றுக்கு என்ன கதி என்பதையும் சொல்ல வேண்டும். என் தங்கைக்கு ஒரு முழு மேசை விரிப்பு கிடைத்தது. அது பீரோவில் அந்துருண்டையோடு இருக்கிறது. அத்தை ரயில் ஏறிவிட்டார் என்று தெரிந்ததும் வெளியே எடுத்து விரிப்பாள், அதன் மேல் தினமும் அங்கேயே இருப்பதுபோல் ஒரு தண்ணீர்ச் சொம்பும் வைப்பாள். அத்தை வந்து, மடிப்புக் கோடு கலையாத விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாப் புழங்கறீங்க போல" என்பார். அவர் குரலில் கிண்டல் இருந்ததா என்று தங்கைக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்தச் சந்தேகம் எனக்குத் தீர்ந்தது. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது தனியறையில் விளக்கு எரிந்தது. அத்தை தைக்கவில்லை. போர்வையை மடியில் போட்டு, ஒவ்வொரு கட்டமாக விரலால் நீவிக்கொண்டிருந்தார். அப்பாரு வேட்டியில் கொஞ்ச நேரம் நின்றார். என் காக்கி டவுசருக்கு வந்ததும் சிரித்தார்.

"முடிச்சுக் குடுத்தா மடிச்சு பீரோவுல வச்சிருவீங்க" என்றார் என்னைப் பார்க்காமலே. "இங்க இருந்தா நானாச்சும் பார்ப்பேன்."

"லைட்டை அமத்து சுலோ" என்றது கூடத்திலிருந்து மாமாவின் குரல். "மாப்ளைக்குத் தூக்கம் வரலைன்னா நோட்டுல பதினெட்டாவது அயிட்டம் எழுதச் சொல்லு."

தையில் கோவையில் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். அத்தை துணிக்கடைப் பை ஒன்றோடு வந்து இறங்கினார். பைக்குள் போர்வை. 192 கட்டமும் ஒரு கோட்டில் நின்றன. மூன்று ஓரமும் மாதுளை முத்துச் சிவப்பில் கட்டியிருந்தது. நாலாவது ஓரத்தில் வரிசையாகக் குண்டூசி.

"இதொண்ணை மட்டும் உம் பொண்டாட்டிய முடிச்சுக்கச் சொல்லு கண்ணு. அரைநாள் வேலை."

என் மனைவிக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறே முடித்துவிடுகிறேன் என்றாள். நூலுக்கு டவுன்ஹால் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினோம். கிடைத்தது அரக்கு. அரக்கு ஒத்துவரவில்லை. பிறகு மகளுக்குப் பரீட்சை, பிறகு அக்கினி நட்சத்திரத்தில் யார் போர்வையை மடியில் வைத்துத் தைப்பது, பிறகு ஆடி. போர்வை எங்கள் புது வீட்டுத் தனியறைக் கட்டிலில் இருக்கிறது. போன வாரம் சென்னையிலிருந்து வந்த மச்சினனைக் கூடத்தில் படுக்கச் சொன்னோம்.

நேற்று அத்தை போன் செய்தார்.

"போர்வை முடிஞ்சுதா கண்ணு?"

"முடிஞ்ச மாதிரிதானுங்கத்தை" என்றேன். "ஓரம் மட்டுந்தான் பாக்கி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, பதினைந்து வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு நிம்மதியான குரலில் அத்தை சொன்னார்:

"அவசரமில்ல சாமி. மெதுவாப் பண்ணுங்க."