பெரட்டுக்கு வராத கம்ப்ரசர்

ஏன்டா மருமவனே, தங்காக் துணிக்கடைக்கு மூவார்ல இருந்து வர்றாங்க, மலாக்காவுல இருந்து வர்றாங்க. உங்க அத்தை ரெண்டு மைல்ல இருந்து வந்தா. வந்தவங்கள்ல அவளுக்குத்தான் அதிகமா வேர்த்திருந்துச்சு. எல்லாம் உன் காடியில ஏறுன புண்ணியம்.

சிவப்பு லைட்டுல நின்ன. ஏர்கோன் பட்டனைத் தட்டுன. எஞ்சின் ஒரு விக்கல் விக்கிட்டு அப்படியே கண்ணை மூடிருச்சு. பின்னால லோரிக்காரன் ஹாரனை அமுக்குறான், நீ என்னடான்னா 'கேஸ் பத்தல மாமா'ங்கிற. கேஸ் பத்தலைன்னா காத்து சூடா வரும், எஞ்சின் ஏன்டா சாகுது? அத்தைக்குத் தெரியாதுன்னு சொன்ன, சரி. முப்பது வருசம் தோட்டத்து லோரி ஓட்டுன மாமன்கிட்டயுமா?

உன் சாகா 1985ல வந்த ஜாதி. பொறக்கும்போது 1.3 லிட்டர் எஞ்சின், மேல கார்ப்ரேட்டர். பாவம், வாயில்லாப் பூச்சி. ஏர்கோன் போட்டா ஒரு வேக்கம் டப்பா கம்பியை இழுத்துக் கொஞ்சம் பெட்ரோல் காட்டும், அம்புட்டுதான். நீ அதைக் கழட்டிப் போட்டுட்டு, ஜப்பான்ல வெட்டுன ஹாப்கட்ல இருந்து 4ஜி93 எடுத்து மாட்டுன. 1.8 லிட்டர், ஊசி போடுற எஞ்சின், கூடவே ஒரு கம்ப்யூட்டர் பொட்டி. நல்லாதான்டா இருக்கு, வேணாங்கல. ஆனா பழைய சாகாவோட கூலிங் காயிலும் பழைய சுவிட்ச்சும் டேஷ்போர்டுல அப்படியே கெடக்குது. அந்த சுவிட்ச்ல இருந்து ஒரு ஒயரை நேரா கம்ப்ரசர் கிளட்ச்சுக்கு இழுத்துவிட்ட. பொட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லல.

தோட்டத்துல விடியக்காலைப் பெரட்டு எதுக்குன்னு நெனச்ச? எத்தனை ஆளு வந்திருக்கு, எந்த நெரையில யாரு நிக்கிறாங்கன்னு கிராணிக்குத் தெரியணும். உன் கம்ப்ரசர் பெரட்டுக்கே வராத ஆளு. எஞ்சின் 750 சுத்துல சிவனேன்னு சுத்திக்கிட்டு இருக்கு, திடீர்னு பெல்ட்டுல வந்து தொங்குறான். கிராணி கணக்குப் பாத்து நிமிர்றதுக்குள்ள சுத்து எறங்கி மூச்சு நின்னு போச்சு.

சுவிட்ச் கிளட்ச்சைத் தொடவே கூடாதுடா. அது விண்ணப்பம் போடணும். சுவிட்ச்ல கெளம்புற ஒயரு தெர்மோஸ்டாட் வழியா, பிரஷர் சுவிட்ச் வழியா போயி, பொட்டியில ஏர்கோன் கேக்குற காலுல நிக்கணும். பொட்டி மொதல்ல ஐடில் மோட்டாரைத் தொறந்து காத்து விட்டு, சுத்தைக் கொஞ்சம் ஏத்திக்கும். கண்ணிமைக்கிற நேரம் கழிச்சு, 'சரி, வரச்சொல்லு'ன்னு ரிலேயைத் தட்டும். அப்பத்தான் கிளட்ச் ஒட்டணும். விக்கலே வராது.

நான் இதைச் சொன்ன மறுநாளு நீ ஒரு காரியம் செஞ்ச பாரு, அதை நெனச்சா இன்னும் சிரிப்பு வருது. பொட்டியோட பதில் ஒயரை, பேட்டரி கரண்டு ஓடுற கிளட்ச் ஒயரோட முறுக்கி டேப்பு சுத்திட்ட. அந்தப் பதில் ஒயரு கரண்டு குடுக்கிற ஒயரு இல்லடா, எர்த்துக்கு இழுக்கிற ஒயரு. ரிலே காயிலுக்கு அரை ஆம்பியர் கூட வேணாம், கிளட்ச்சு மூணு நாலு ஆம்பியர் தின்னும். நீ பேட்டரியைக் கொண்டுபோய் நேரா அது வாயில ஊட்டிட்ட. உள்ள இருந்த டிரான்சிஸ்டர் சாம்பிராணி போட்டுச்சு. காடிக்குள்ள வாசனை நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் பயந்துபோய் கம்ப்ரசர் பெல்ட்டையே கழட்டி பூட்டுல போட்டுக்கிட்டுத் திரியிற. அமெரிக்காவுல பேக்கார்ட் கம்பெனிக்காரன் 1940 மாடல் காடியில ஏர்கோன் வச்சான். அதுல கிளட்ச்சே கெடையாது. அமத்தணும்னா எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் தொறந்து, பெல்ட்டைக் கழட்டணும். எண்பது வருசத்தைத் தாண்டி பின்னால போயிருக்க, கெட்டிக்காரன்தான்.

இந்தா, நம்ம குனோங் லேடாங் தலைக்கு மேலதான நிக்குது. அங்க இருக்கிற புத்ரியைக் கட்டிக்க சுல்தான் ஆளு அனுப்புனாரு. அவ என்ன கேட்டா? தங்கத்துல ஒரு பாலம், வெள்ளியில ஒரு பாலம், தட்டுத் தட்டா கொசு இதயம். கடைசியில இளவரசனோட ரத்தத்துல ஒரு கிண்ணம். உன் பொட்டி கேட்டது ஒத்த ஒயரு. அதைக் குடுக்க ஒனக்கு மனசு வரல.

பிரஷர் சுவிட்சை வெட்டி ஜோடி சேத்திருக்கியே, அது எந்தப் போமன் சொல்லிக் குடுத்தான்? கேஸ் ஒழுகிப் போனா எண்ணெயும் ஓடாம கம்ப்ரசர் தேஞ்சு சாகும். முன்னால ஃபேன் சுத்தலைன்னா அழுத்தம் ஏறி குழாய் வெடிக்கப் பாக்கும். ரெண்டு பக்கமும் காவல் நிக்கிற ஆளு அது. தெர்மோஸ்டாட்டையும் விட்டுட்ட. பூஜ்யத்துக்குக் கிட்ட போகும்போது வெட்டிவிட ஆளில்லைன்னா நம்ம ஊரு ஈரக்காத்துக்குக் காயில் மேல பனி கட்டும். காத்து வராது, காடிக்குள்ள ஐஸ் கச்சாங் கடை போட்டுக்கலாம்.

கன்சில் ஓட்டுன காலத்துல எங்களுக்கு இந்த வம்பெல்லாம் இல்ல. 660 சிசி, குடும்பமே உள்ள. லோரியை முந்தணும்னா வலது கால் அமுத்தும், இடது கை விரலு ஏர்கோனை அமத்தும். முந்துன பெறகு விரலே மறுபடி போட்டுவிடும். அந்த விரலைத்தான் இப்ப பொட்டிக்குள்ள வச்சிருக்கான். நீ முழுசா அமுத்துனா அதுவே சில நொடி கம்ப்ரசரை வெட்டிவிடும். தண்ணி சூடு ஏறுனாலும் வெட்டும். ஒயரே குடுக்கலைன்னா விரலு எங்க இருந்து வரும்?

இன்னொன்னு. எல்லாப் பொட்டியும் ஒரே பாஷை பேசாது. விண்ணப்பத்தை ஒன்னு 12 வோல்ட்ல கேக்கும், ஒன்னு எர்த்துல கேக்கும். படத்தைப் பாரு, மீட்டரை வச்சுப் பாரு, கூட்டாளி சொன்னான்னு குத்தாத. ரிலே காயிலுக்குக் குறுக்க ஒரு டயோடு போடு, அமத்தும்போது திரும்பி உதைக்கிற கரண்டு பொட்டிக்குள்ள போகாது. கிளட்ச்சுக்குப் பேட்டரியில இருந்து தனி ஃபியூஸ். முன்னால ஃபேனுக்குத் தனி ரிலே. காசு சேந்தா ஹால்டெக் மாதிரி பொட்டி வாங்கப் போறேங்கிற. வாங்கு. ஆனா அதுலயும் இதே கேள்விதான் வரும்: எத்தனை சுத்து ஏத்தணும், எவ்வளவு நேரம் காக்கணும், எவ்வளவு அமுத்துனா வெட்டணும். பதில் தெரியலைன்னா வெலை ஒசந்த பொட்டியும் முழிக்கத்தான் செய்யும். அப்புறம், எஞ்சின் மாத்துனதை ஜேபிஜேயில பதிஞ்சியா? சரி சரி, தலையைக் குனியாத.

வெளக்குமாத்துக் கட்டையில ஒயரைச் சுத்தி வச்சிருக்கேன், போய் எடுத்துட்டு வா. கருகிப்போன பொட்டிக்குப் பதிலா வேற பொட்டிதான் மேசையில வாங்கி வச்சிருக்கியே. ஞாயித்துக்கெழமை உங்க அத்தை மறுபடி துணிக்கடைக்குப் போகணுங்கிறா. அவளை வாசல்ல எறக்கிவிட்டுட்டு நெழலாப் பாத்து காடியைப் போடு. ஒரு சேலை எடுக்க அவளுக்கு மூணு மணி நேரம் ஆகும். ரிலே மாட்ட அது தாராளம்.